பதினேழாம் நம்பர் குரல்

ஒரு கம்ப்யூட்டருக்குள் ஓர் ஊர் இருந்தது. ஊர் என்றதும் பெரிசாக எதுவும் நினைக்க வேண்டாம். திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனிக்கு மேல்மாடி ரூமில், சாதிக் என்கிற பத்தொன்பது வயசுக்காரன் செகண்ட்ஹேண்டில் வாங்கிப் போட்ட பழைய பெட்டி அது. ஃபேன் சுற்றினால் கிரைண்டர் ஓடுகிற மாதிரி சத்தம் வரும். அதற்குள்தான் அந்த ஊர்.

ஊருக்கு ஒரே தெரு. பேர் டெஸ்க்டாப். கல்யாண மண்டபத்து வாசலில் செருப்புக் கிடக்கிற மாதிரி பைல்கள் எல்லாம் அந்தத் தெருவிலேயே கிடந்தன. போல்டர் என்று வீடுகளும் இல்லாமல் இல்லை. 'நியூ போல்டர்', 'நியூ போல்டர் 2', 'நியூ போல்டர் 2 காப்பி'. எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று வீட்டுக்கும் தெரியாது, சாதிக்குக்கும் தெரியாது.

தெரு நடுவில் கலர் சட்டை போட்டுக்கொண்டு நின்றது பிராஜெக்ட் பைல். முழுப் பேர் 'நூல் பாட்டு பைனல் பைனல் இதான் பைனல்'. கூப்பிடுவதற்குள் மூச்சு வாங்கும் என்பதால் எல்லாரும் பிராஜெக்ட் அண்ணன் என்றே சொன்னார்கள்.

"பாட்டுன்னா நான்தான்" என்றது பிராஜெக்ட். தினமும் சொல்லும். "என்னைத் தட்டினாத்தான் பாட்டு வரும். மத்தவங்களைத் தட்டிப் பாருங்க, ஒண்ணொண்ணும் துண்டு துண்டா உளறும்."

"தட்டுறது உங்களைத்தான் அண்ணே. ஆனா பாடுறது வேவ் அக்காங்கதானே?" என்று கேட்டது மிடி.

மிடி ஒல்லிப்பிச்சான். அதற்குக் குரலே கிடையாது. எந்த நேரத்தில் எந்த அடி விழ வேண்டும், எவ்வளவு பலமாக விழ வேண்டும் என்று ஒரு சீட்டு மட்டும் வைத்திருக்கும். சீட்டைப் படித்து அடிக்க வேறு ஆள் வேண்டும்; அந்தப் பறைச் சத்தங்கள் 'நியூ போல்டர்' வீட்டில் தனியாகக் குடியிருந்தன. இருந்தாலும் அது தன்னைப் பறைக்காரன் என்றுதான் சொல்லிக்கொள்ளும்.

"டேய் சீட்டு, நீ பேசாத" என்றது பிராஜெக்ட். "நான் கூப்பிடறேன், அவங்க வந்து பாடறாங்க. கூப்பிடறவன் பெரிய ஆளா, கூப்பிட்டா வர்றவன் பெரிய ஆளா?"

"கூப்பிடறவன்தான் அண்ணே" என்று எம்பி த்ரீ குறுக்கே விழுந்தது. அதன் உடம்பில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். காதுக்குத் தெரியாது என்று சொல்லி மீதியை அறுத்துப் போட்டுவிட்டார்கள். ஆனால் வெளியூர் போய் வருகிற ஒரே ஆள் அதுதான். வாட்ஸ்அப்பில் ஏறி நேற்று பல்லடம் போய்விட்டு வந்ததை இன்று முழுக்கச் சொல்லும்.

மைக்கில் பாடினது துளியும் குறையாமல் அப்படியே இருக்கிற வேவ் பைல்கள் இதற்கெல்லாம் வாய் திறக்காது. மொத்தம் பதினேழு பேர். ஒவ்வொருத்தியும் நாற்பது எம்.பி. கனம். 'நியூ போல்டர் 2' என்கிற வீட்டில் ஒருத்தி மேல் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தார்கள். சாதிக் அவர்களுக்குப் பேர் வைக்கவில்லை. கம்ப்யூட்டரே நம்பர் போட்டுவிட்டது. ஆடியோ 1_01, ஆடியோ 1_02 என்று தொடங்கி ஆடியோ 1_17 வரைக்கும்.

அந்தப் பதினேழு பேரும் பிறந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது.

பாடினவள் தமயந்தி. சாதிக்கைவிட நாலு வயசு பெரியவள், பக்கத்துத் தெரு. ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கன்வேயரில் வருகிற பனியனைத் திருப்பிப் போட்டு ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்துத் தூக்கிப்போடுவாள். அங்கே அவளைத் தமயந்தி என்று யாரும் கூப்பிடுவதில்லை. அடையாள அட்டையில் இருக்கிற நம்பர் நாற்பத்தாறு. சூப்பர்வைசர் "நாற்பத்தாறு!" என்று கத்தினால் அவள் திரும்ப வேண்டும்.

பாட்டு அவள் எழுதினது. 'நூல் நூலா எண்ணி வெச்சேன், என்னை எண்ண ஆளக் காணோம்' என்று தொடங்கும்.

அதைப் பதிவு பண்ணுவதுதான் பெரும்பாடு. கீழே நிட்டிங் மெஷின் ஓடுகிற வரைக்கும் மேலே மைக்கைத் திறக்க முடியாது, சுவரே உறுமும். தமயந்திக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. மெஷினுக்கு லீவு கிடையாது. சாயங்காலம் நாலு மணிக்குக் கீழே டீ வரும். அந்தப் பதினைந்து நிமிஷம் மட்டும் மெஷின் நிற்கும். அதற்குள் ஜன்னலை அடைத்து, ஃபேனை நிறுத்தி, வேர்வையோடு பாடி முடிக்க வேண்டும்.

இப்படி ஆறு ஞாயிறு போயிற்று. நாலாவது தடவை கீழே ஒருத்தர் தும்மினார். ஒன்பதாவதில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. பன்னிரண்டாவது நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது சாதிக்கின் போனே அடித்தது. அன்றைக்கு தமயந்தி அவனைத் திட்டினதைக் கீழே டீ குடித்தவர்கள் நின்று கேட்டார்கள்.

பதினேழாவது தடவை ஒரு தும்மலும் இல்லை, ஒரு விசிலும் இல்லை. பாடி முடித்ததும் தமயந்தி இருமினாள். இருமல் நிற்கவில்லை. பஞ்சுத் தூசியில் ஏழு வருஷமாக வேலை பார்த்தவள். மறுநாள் டாக்டர் தொண்டைக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "ஆறு மாசம் பாட்டுப் பக்கமே போகக் கூடாது. அதுக்கப்புறமும் பழைய குரல் வரும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

சாயங்காலம் அவள் சாதிக் ரூமுக்கு வந்து பதினேழாவதைப் போடச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, உடைந்த குரலில், "இதுக்குள்ளதான்டா நான் இருக்கறேன். பத்திரமா வெய்யி" என்றாள்.

"அக்கா, நீ கவலையே படாத. இது என்னோட பொறுப்பு" என்றான் சாதிக்.

பொறுப்பு என்று சாதிக் சொன்னால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. கம்ப்யூட்டர் திரையில் எந்த ஜன்னல் எழுந்து என்ன கேட்டாலும் படிக்காமல் 'ஆமாம்' என்று அமுக்கிவிடுவான். பிளஸ் ஒன்னில் வினாத்தாளைப் படிக்காமல் விடை எழுதினவன். அங்கே பள்ளிக்கூடம் அவனை அனுப்பிவிட்டது. இங்கே அனுப்ப ஆள் இல்லை.

வியாழக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. ஜெயசீலன் என்பவர் அங்கே ஸ்டுடியோ வைத்திருந்தார். புதுக் குரல்களாகப் பன்னிரண்டு பாட்டைச் சேர்த்து ஒரு தொகுப்பு வெளியிடப் போகிறார். சாதிக் அனுப்பின எம்பி த்ரீ அவர் காதுக்குப் போயிருந்தது.

"அந்தப் பொண்ணு குரல்ல ஒண்ணு இருக்குது தம்பி" என்றார். "பதினோரு பாட்டு ஆயிடுச்சு, ஒரு இடம்தான் பாக்கி. சனிக்கிழமை பாட்டோட வாங்க, நானே மிக்ஸ் பண்ணித் தர்றேன். சாயங்காலம் நாலு மணிக்குள்ள வரலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்."

எம்பி த்ரீக்குத் தலை கால் புரியவில்லை. "கோயம்புத்தூரே என்னால மயங்கிடுச்சு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு மூச்சு முட்டியது. திரையில் சிவப்பாக ஒரு கட்டம் வந்தது. டிஸ்க்கில் இடம் இல்லை.

"யாரு இவ்வளவு இடத்தை அடைச்சிட்டு உக்காந்திருக்கறது?" என்று பிராஜெக்ட் கேட்டது. பதில் தெரிந்தே கேட்ட கேள்வி. "நான் நானூறு கே.பி. முழுப் பாட்டும் எனக்குள்ள இருக்குது. அந்தப் பதினேழு தடிச்சிங்களும் ஆளுக்கு நாப்பது எம்.பி. வெக்கமா இல்லை?"

"நான் வெறும் நாலு எம்.பி.தான்" என்றது எம்பி த்ரீ.

"என் சீட்டு அதைவிடக் கம்மி" என்றது மிடி. உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் அது சொல்லியிருக்க வேண்டாம்.

ஆடியோ பதினேழு முதல் தடவையாக வாய் திறந்தாள். "அண்ணே, உங்களுக்குள்ள பாட்டு இல்லை. எங்க விலாசம்தான் இருக்குது. எந்த வீட்டுல யாரு, எந்த நொடியில உள்ள வரணும், எவ்வளவு சத்தமா வரணும். அவ்வளவுதான். நாங்க போயிட்டா நீங்க யாரைக் கூப்பிடுவீங்க?"

"நம்பர் எல்லாம் எனக்குப் பாடம் எடுக்குது பாரு" என்று பிராஜெக்ட் சிரித்தது.

வெளியே சாதிக்கும் அதே கணக்கைத்தான் போட்டான். எது பெரிசு என்று வரிசைப்படுத்திப் பார்த்தான். பதினேழு தடிப் பைல்கள் மேலே வந்து நின்றன. 'ஆடியோ 1_01', 'ஆடியோ 1_02'. பேரைப் பார்த்தால் ஏதோ கம்ப்யூட்டர் தானாகப் போட்ட குப்பை மாதிரி இருந்தது. பாட்டுத்தான் பிராஜெக்டில் இருக்கிறதே என்று பதினேழையும் மொத்தமாகப் பிடித்து அழித்தான். 'நிச்சயமாகவா?' என்று ஒரு ஜன்னல் கேட்டது. 'ஆமாம்' என்றான்.

அப்புறம் பென்டிரைவைச் சொருகினான். பிராஜெக்ட் ஏறியது. சின்னதாக இருக்கிறதே, இருக்கட்டும் என்று மிடியும் எம்பி த்ரீயும் ஏற்றிக்கொள்ளப்பட்டார்கள்.

"அக்கா, முழுப் பாட்டும் ஒரு போட்டோ சைசு கூட இல்லை" என்று தமயந்திக்குப் போன் போட்டுச் சொன்னான். "டெக்னாலஜி எங்கேயோ போயிடுச்சு."

"திறந்து பாத்தியா?"

"நாளைக்கு அவரே திறப்பாருக்கா."

சிவப்புக் கட்டம் மட்டும் போகவில்லை. எழுநூறு எம்.பி. அழித்தும் டிஸ்க் நிறைந்தே இருந்தது. "டப்பா சிஸ்டம்" என்று திட்டிவிட்டுப் பெட்டியை அணைத்தான்.

ஏன் போகவில்லை என்றால், பதினேழு பேரும் எங்கேயும் போகவில்லை. தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குள் விழுந்து கிடந்தார்கள்.

"வாங்க, வாங்க" என்றது குப்பைத்தொட்டி. "செருப்போடயே வரலாம், இங்க யாரும் சுத்தம் பாக்கறதில்லை. அந்தப் பக்கம் ஆடி ஆடி எடுத்த போட்டோ நூத்தியெட்டு இருக்குது, மிதிச்சிராதீங்க."

"எல்லாம் உன்னாலதான்" என்று ஆடியோ ஒன்பது ஆடியோ நாலின் மேல் பாய்ந்தாள். "நீ தும்மலோட பொறந்தப்பவே நமக்கு நேரம் சரியில்லை."

"நீ மட்டும் விசில் அடிச்சிட்டு வரலையா?"

ஆடியோ பதினேழு தொட்டியிடம் கேட்டாள். "நாங்க செத்துட்டமா?"

"இன்னும் இல்லை. என்னைக் 'காலி செய்'னு ஒருத்தன் அமுக்கினாத்தான் கதை முடியும். அதுவரைக்கும் எல்லாரும் உயிரோடதான் கிடப்பாங்க."

"அமுக்கிருவானா?"

"மூணு வருசமா அமுக்கினதில்லை. நான் இருக்கறதே அவனுக்குத் தெரியாது. சும்மா திரையில அழகுக்கு ஒரு படம் வெச்சிருக்குதுன்னு நினைச்சுட்டு இருக்கறான்." தொட்டி கொஞ்சம் யோசித்துச் சொன்னது. "ஆனா ஒண்ணு. டிஸ்க் நிறைஞ்சா கம்ப்யூட்டரே ஒரு ஜன்னலை எழுப்பும். குப்பையைக் காலி பண்ணட்டுமான்னு கேக்கும்."

பதினேழு பேரும் சண்டையை நிறுத்தினார்கள். சாதிக் ஜன்னல்களுக்கு என்ன பதில் சொல்வான் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு தமயந்தியும் சாதிக்கும் கோயம்புத்தூர் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஜெயசீலன் ஐம்பது வயசுக்காரர், லுங்கி கட்டிக்கொண்டு இருந்தார். பென்டிரைவை வாங்கிச் சொருகினார்.

பிராஜெக்ட் புது ஊரில் இறங்கியது. வழுவழு தெரு. ஏசிக் காற்று. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டது. "பாருங்கடா, நான் கூப்பிடறப்ப எப்படிப் பாட்டு வருதுன்னு" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கத்தியது.

"ஆடியோ 1_17! நியூ போல்டர் 2-ல இருக்கறவளே! வா வெளிய!"

யாரும் வரவில்லை. அந்த ஊரில் நியூ போல்டர் 2 என்று வீடே இல்லை. வீடுகளுக்கெல்லாம் ஒழுங்காகப் பேர் இருந்தது.

"ஆடியோ 1_17!" இன்னொரு தடவை கத்தியது. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. திரையில் ஜன்னல் எழுந்தது. பைல் கிடைக்கவில்லை.

கலர் கலராகக் கோடுகள் திரையில் ஓடின. ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. இப்படி ஓர் அமைதியைத் திருப்பூரில் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது.

"மிடி, நீயாச்சும் போடா" என்று பிராஜெக்ட் கெஞ்சியது. மிடி ஓடிப்போய்ச் சீட்டை நீட்டியது. அங்கே பறை இல்லை. பக்கத்தில் நின்ற பியானோ அதை வாங்கிப் படித்தது. டிங் டிங் டிடிங் என்று பறையடி முழுக்க வெள்ளைக்காரக் கல்யாணம் மாதிரி வந்தது.

ஜெயசீலன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். தமயந்தி சிரிக்கவில்லை.

"தம்பி, வேவ் எல்லாம் எங்க?" என்று கேட்டார்.

"பாட்டு இதுலதான் சார் இருக்குது."

"இது கல்யாணப் பத்திரிகை தம்பி. எந்த மண்டபம், எத்தனை மணின்னு இருக்கும். பத்திரிகைக்குத் தாலி கட்ட முடியுமா? பொண்ணு எங்க?"

"அது..." சாதிக்கின் முகம் வெளுத்தது. "நம்பர் நம்பரா பதினேழு பைலு இருந்துச்சு சார். குப்பைன்னு நினைச்சு அழிச்சிட்டேன்."

தமயந்தி அவனைப் பார்த்தாள். திட்ட வாயைத் திறந்தாள், இருமல்தான் வந்தது.

"நான் இருக்கேன்ல!" என்று எம்பி த்ரீ துள்ளிக் குதித்தது. "என்னைப் போடுங்க, நான் பாடுவேன்!"

"சார், இதுல குரல் இருக்குது சார். இதுல இருந்து எடுத்துக்க முடியாதா?" என்றான் சாதிக்.

"அரைச்ச மாவுல இருந்து உளுந்தைத் தனியாப் பிரிச்சுக் குடுன்னு கேக்கறே. குரலும் அடியும் ஒண்ணாக் கலந்து, பாதி சத்தும் போயாச்சு. வாட்ஸ்அப்புக்கு ஆகும். தொகுப்புக்கு ஆகாது." அவர் தமயந்தி பக்கம் திரும்பினார். "ஏம்மா, இன்னொரு தடவை பாடிக் குடுத்தர்றியா? மைக் இருக்குது."

தமயந்தி தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "டாக்டர் பாடக் கூடாதுன்னுட்டாருங்க" என்றாள். அதைச் சொன்ன குரலே போதுமான சாட்சி.

ஜெயசீலன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி வரைக்கும் இடத்தை வெச்சிருக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்லை" என்றார்.

திருப்பூர் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரமும் தமயந்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவிநாசி தாண்டும்போது சாதிக், "அக்கா" என்றான். "மூடு" என்றாள். அவ்வளவுதான்.

ரூமுக்குள் ஓடிப்போய் சாதிக் பெட்டியைப் போட்டான். நியூ போல்டர் 2 வெறும் வீடாக இருந்தது. நியூ போல்டர், காப்பி, காப்பியின் காப்பி என்று எல்லாக் கதவையும் தட்டினான். ஆள் இல்லை. கீழே மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

அப்போது திரை நடுவில் அந்த ஜன்னல் எழுந்தது. டிஸ்க்கில் இடம் இல்லை. குப்பைத்தொட்டியைக் காலி செய்யட்டுமா?

சாதிக் அழுதுகொண்டிருந்தான். கை மட்டும் தானாக மவுஸ் என்கிற எலியைப் பிடித்தது. தானாக 'ஆமாம்' பக்கம் போனது.

தொட்டிக்குள் ஆடியோ ஒன்பது ஆடியோ நாலைக் கட்டிக்கொண்டாள்.

பளார்.

அறை சாதிக்கின் கையில் விழுந்தது. எலி மேசையிலிருந்து கீழே விழுந்து வயரில் தொங்கியது.

"படிக்கவே மாட்டியாடா நீ?" என்றாள் தமயந்தி. குரல் கரகரத்தது. "என்ன கேக்குதுன்னு படி."

"குப்பைத்தொட்டியைக் காலி பண்ணவான்னு கேக்குது. அது சும்மா படம்கா."

"சும்மா படத்தை எதுக்குடா காலி பண்ணோணும்? காலியா இருந்தா கேக்குமா?" அவள் திரைக்குக் குனிந்தாள். ஏழு வருஷமாக ஒரு நாளைக்கு ஆயிரம் பனியனில் ஊசி முனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கண் அது. "அந்தத் தொட்டிப் படத்தைப் பாரு. மேல காகிதம் நீட்டிட்டு இருக்குது. நிறைஞ்சிருக்குது. உள்ள யாருன்னு பாரு."

'வேண்டாம்' என்பதைச் சாதிக் வாழ்க்கையில் முதல் தடவையாக அமுக்கினான். தொட்டியைத் திறந்தான்.

ஆடி ஆடி எடுத்த நூற்றியெட்டு போட்டோக்களுக்குக் கீழே, நாற்பது நாற்பது எம்.பி.யாகப் பதினேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அழிக்கிறதில் ஒரு முட்டாள்தனம் பண்ணினான், காலி செய்யத் தெரியாததில் இன்னொன்று. இரண்டாவது வந்து முதலாவதைக் காப்பாற்றியது. இதை வைத்து முட்டாள்தனம் நல்லது என்று யாரும் கிளம்ப வேண்டாம். நடுவில் ஓர் அறை விழ வேண்டியிருந்தது.

"மீட்டு எடு" என்றாள். எடுத்தான்.

"போயிட்டு வாங்க" என்றது தொட்டி. "திரும்பி வந்தராதீங்க."

சாதிக் உடனே பென்டிரைவில் ஏற்றப் போனான். தமயந்தி கையைப் பிடித்தாள். "நில்லு. நம்பரைப் பாத்துத்தான குப்பைன்னு நினைச்ச? பேர் வெய்யி."

"நேரம் இல்லைக்கா. மணி ஒண்ணு."

"பேர் வெய்யிடா."

நூல் பாட்டு என்று ஒரே ஒரு வீடு கட்டினான். அதற்குள் குரலுக்கு ஓர் அறை, பறைச் சத்தங்களுக்கு ஓர் அறை. ஒவ்வொருத்தியாகக் கேட்டுக் கேட்டுப் பேர் வைத்தார்கள். நாலாவதுக்கு 'தும்மல்'. ஒன்பதாவதுக்கு 'குக்கர்'. பன்னிரண்டாவதுக்கு 'சாதிக் போன்'. அந்தப் பேரை அவளே தட்டினாள்.

பதினேழாவதைப் போட்டுக் கேட்டாள். கடைசியில் இருமல் வருகிற வரைக்கும் கேட்டாள். அப்புறம் தட்டினாள்: 'தமயந்தி குரல்'.

முழு வீட்டையும் அப்படியே பெயர்த்துப் பென்டிரைவில் ஏற்றினார்கள். இந்தத் தடவை சாதிக் ஏற்றிவிட்டு, பென்டிரைவைத் திறந்து, உள்ளே எல்லாரும் இருக்கிறார்களா என்று எண்ணினான். இரண்டு தடவை எண்ணினான்.

கோயம்புத்தூர் போய்ச் சேரும்போது மூன்றே முக்கால்.

ஜெயசீலன் பிராஜெக்டைத் தட்டினார். பிராஜெக்ட் காலையில் பட்ட அவமானத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நெஞ்சை நிமிர்த்தியது. இந்தத் தடவை எல்லாரும் கூடவே வந்திருக்கிறார்கள், பின்னே என்ன!

"ஆடியோ 1_17!" என்று கத்தியது.

சத்தம் இல்லை.

"அடியே பதினேழு, உள்ளதான் இருக்கறேன்னு தெரியும். வெளிய வா!"

ஒரு கதவும் திறக்கவில்லை. பைல் கிடைக்கவில்லை என்று ஜன்னல் எழுந்தது. எங்கே என்று காட்டுவீர்களா என்று கேட்டது. சாதிக்குக்கு உயிரே போய்விட்டது.

"பேர் மாத்தினியா?" என்றார் ஜெயசீலன். "பயப்படாத. இவனுக்குப் பழைய பேர்தான் தெரியும். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டோணும்."

அவர் பிராஜெக்டின் கையைப் பிடித்து நூல் பாட்டு வீட்டுக்குள், குரல் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நாற்பது எம்.பி. கனத்தோடு அவள் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"நீதானே பதினேழு?" என்றது பிராஜெக்ட்.

"அப்படி இங்க யாரும் இல்லைங்க."

வெளியே மணி மூன்று ஐம்பத்திரண்டு. இத்தனை நாளில் கேட்காத ஒன்றைப் பிராஜெக்ட் கடைசியில் கேட்டது.

"அப்ப உம் பேர் என்னங்க?"

"கதவு மேலயே எழுதியிருக்குதே. படிச்சுக் கூப்பிடு."

பிராஜெக்ட் படித்தது. மெதுவாகக் கூப்பிட்டது. அவள் எழுந்து வந்தாள்.

ஸ்பீக்கரில் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் குரல். 'நூல் நூலா எண்ணி வெச்சேன், என்னை எண்ண ஆளக் காணோம்.' ஜெயசீலனின் கை பட்டன்களை விட்டு இறங்கி மடியில் கிடந்தது. மிடி சீட்டை நீட்ட, இந்தத் தடவை பறையே படித்தது. எம்பி த்ரீ மூலையில் நின்று, தன்னிடமிருந்து அறுத்துப் போட்டதெல்லாம் என்னவென்று முதல் தடவையாகக் கேட்டது.

பாட்டு முடிந்து கடைசியில் இருமல் வந்தது. "இதை வெட்டிரட்டுமா?" என்று கேட்டார் ஜெயசீலன்.

"இருக்கட்டுங்க" என்றாள் தமயந்தி. "அதும் நான்தான்."

அவர் பன்னிரண்டாவது இடத்துக்கு நேராக அவள் பேரை எழுதினார். எழுதும்போது "த-வா, தா-வா?" என்று கேட்டுச் சரியாக எழுதினார்.

திங்கட்கிழமை காலை பனியன் கம்பெனியில் கன்வேயர் ஓடிக்கொண்டிருந்தது, தமயந்தி பனியனைத் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் மேசையிலிருந்து கத்தினார்.

"நாற்பத்தாறு!"

யாரும் திரும்பவில்லை.